எண்ணெயிலிருந்து தீத்தடுப்பான்: பாஸ்பரஸை ஏற்றுவதும் பிடித்து வைப்பதும்

பாலியூரித்தேன் ஃபோமுக்குப் போகும் தீத்தடுப்பானைத் தாவர எண்ணெயிலிருந்து செய்வதுதான் சில வருடங்களாக என் வேலை. சோயா, ஆமணக்கு, ஆளி விதை என்று மூன்று எண்ணெய்களோடும் பழகியிருக்கிறேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள், குறிப்பாக முதுகலை ப்ராஜெக்டுக்கு இதை எடுப்பவர்கள், கட்டுரைகளைப் படித்துவிட்டு வரும்போது ஒரே ஒரு எண்ணைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள்: எண்ணெயில் எத்தனை சதவீதம் பாஸ்பரஸ் ஏறியது என்பது. ஏற்றுவது பாதி வேலைகூட இல்லை. ஏற்றிய பாஸ்பரஸ் தீ வரும்வரை அங்கேயே நிற்கிறதா, தீ வந்ததும் சரியான நேரத்தில் கழன்று வேலை செய்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை ஒட்டி நான் பார்த்ததையும் கற்றதையும் எழுதுகிறேன்.

எண்ணெயே எரியுமே, அதை வைத்து எப்படித் தீயைத் தடுப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சில எண்ணெய்கள் நெருப்பே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளவும் செய்யும். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால், அதிலுள்ள இரட்டைப் பிணைப்புகள் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடும். சுருளுக்குள் மாட்டிய அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், சில மணி நேரத்தில் துணி புகைய ஆரம்பித்துவிடும். 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது இப்படித்தான். 22ஆவது மாடியில் விட்டுவைத்த ஆளி விதை எண்ணெய்த் துணிகளில் ஆரம்பித்த தீ மேல்மாடிகளுக்குப் பரவி, மூன்று தீயணைப்பு வீரர்களின் உயிரைக் குடித்தது. எங்கள் லேபில் எண்ணெய் துடைத்த எதையும் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள உலோகத் தொட்டியில்தான் போடுவோம். குப்பைக் கூடையில் எண்ணெய்த் துணி கிடந்தால், யார் போட்டது என்று விசாரிப்பதற்கு முன்னால் அதை எடுத்து நனைத்துவிட வேண்டும். இதைத்தான் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே சொல்கிறோம்.

அந்தத் துணியைப் பற்றவைக்கும் அதே இரட்டைப் பிணைப்புதான் நமக்குப் பிடிமானம். அங்கேதான் பாஸ்பரஸைக் கட்டுகிறோம்.

ஏன் கட்ட வேண்டும், ஒரு பாஸ்பேட்டை வாங்கிச் சும்மா கலந்துவிட்டால் போதாதா? இதற்குப் பின்னால் வருத்தமான வரலாறு ஒன்று இருக்கிறது. குழந்தைகளின் இரவு உடைகளில் சேர்க்கப்பட்ட, புரோமினும் பாஸ்பரஸும் கொண்ட 'ட்ரிஸ்' என்ற பொருள் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று தெரிந்து, 1977இல் அமெரிக்கா அந்த உடைகளைத் தடை செய்தது. ஆர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்ற விஞ்ஞானிகள் அதே வருடம்தான் இதைப் பற்றி எச்சரித்து எழுதினார்கள். அப்புறம் பாலிபுரோமினேற்றப்பட்ட டைஃபினைல் ஈத்தர்கள் என்ற தீத்தடுப்பான்கள் வந்தன. அவற்றில் பென்டா, ஆக்டா கலவைகளின் முக்கியப் பகுதிகள் 2009இல், சூழலில் அழியாமல் தங்கும் நச்சுப் பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலுக்குள் போயின, டெக்கா 2017இல். வேறு வகையான ஹெக்ஸாபுரோமோசைக்ளோடோடெக்கேன் 2013இல் போனது. இவை எல்லாமே பிளாஸ்டிக்கோடு பிணையாமல் வெறுமனே கலந்து வைக்கப்பட்டவை. வருடங்கள் போகப் போக மெல்ல வெளியே வந்து வீட்டுத் தூசியிலும் உயிரினங்களின் கொழுப்பிலும் சேர்ந்தன. எண்ணெய் மூலக்கூறில் பாஸ்பரஸும் இருக்க வேண்டும், ஃபோமின் இன்னொரு மூலப்பொருளான ஐசோசயனேட்டோடு பிணையும் ஹைட்ராக்சிலும் (OH) இருக்க வேண்டும் என்று நாங்கள் மெனக்கெடுவது இதனால்தான். ஹைட்ராக்சில் வழியாக அது ஃபோமின் வலைப்பின்னலிலேயே ஓர் உறுப்பாகிவிட்டால் வெளியே கசிய வழி குறைவு.

தீயில் பாஸ்பரஸ் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. முதலாவது, பொருளுக்குள்ளேயே. சூடு ஏறியதும் பாஸ்பேட் எஸ்டர் உடைந்து பாஸ்பாரிக் அமிலமாகி, பின் பாலிபாஸ்பாரிக் அமிலமாகி, பக்கத்திலுள்ள ஹைட்ராக்சில்களிலிருந்து நீரைப் பிடுங்குகிறது. ஆவியாகி எரிபொருளாகப் போயிருக்க வேண்டிய கார்பன் கரியாக அங்கேயே தங்கிவிடுகிறது. அந்தக் கரிப்படலம் உள்ளே போகும் வெப்பத்தையும் வெளியே வரும் வாயுவையும் மறிக்கிறது. இரண்டாவது, சுடருக்குள். ஆவியாகும் பாஸ்பரஸ் துண்டுகள் சுடரை உயிரோடு வைத்திருக்கும் ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் ரேடிக்கல்களை (சட்டென்று வினைபுரியும் துண்டுகளை) பிடித்துக்கொள்கின்றன. இரண்டாவது வழி வேகமானது, ஆனால் எரிதல் அரைகுறையாக முடிவதால் புகையும் கார்பன் மோனாக்சைடும் கூடும். தீயில் சிக்கியவர்களில் பலரைப் பலிவாங்குவது புகைதான் என்பதால், கரியை நம்பும் வழிதான் எனக்குப் பிடிக்கும்.

இதில் எல்லோரையும் ஒருமுறை குழப்பும் இடம் ஒன்று இருக்கிறது. பாஸ்பரஸ் ஏற்றிய பாலியாலில் (ஹைட்ராக்சில்கள் பல உள்ள, ஐசோசயனேட்டோடு சேர்ந்து ஃபோமாகும் பொருளில்) செய்த ஃபோமைத் தெர்மோகிராவிமெட்ரியில், அதாவது சூடாக்கிக்கொண்டே எடையை அளக்கும் கருவியில், போட்டால், எடை இழப்பு சாதாரண ஃபோமைவிட முப்பது நாற்பது டிகிரி முன்னதாகவே ஆரம்பித்துவிடும். ஐயோ, இது இன்னும் சீக்கிரம் சிதைகிறதே என்று மாணவர்கள் முகம் வாடிவிடும். வாட வேண்டியதில்லை. வலைப்பின்னல் உடைந்து எரிவாயு கிளம்புவதற்கு முன்னால் அமிலம் தயாராக நிற்க வேண்டும், அதனால்தான் அந்த முந்தல். பார்க்க வேண்டியது வரைபடத்தின் வலது ஓரம்: 600 டிகிரியில் மிச்சம் எவ்வளவு? சாதாரண ஃபோமில் கொஞ்சமே மிஞ்சும், பாஸ்பரஸ் ஃபோமில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நிற்கும். ஆனால் இந்த முந்தலுக்கு ஒரு விலையும் உண்டு. 250 டிகிரிக்கு மேல் உருக்கி அச்சில் ஊற்றும் நைலான் போன்ற பிளாஸ்டிக்குக்கு இந்த எண்ணெய்ப் பாஸ்பேட்டுகள் ஆகாது, அச்சுக்குப் போவதற்குள்ளேயே சிதைய ஆரம்பித்துவிடும். ஃபோம், பூச்சு, எபாக்ஸி ரெசின், பி.வி.சி. போன்ற மிதமான சூட்டு வேலைகளுக்குத்தான் இவை.

எந்த எண்ணெய் என்பதற்கு வருகிறேன். சோயா மலிவு, எங்கும் கிடைக்கும், ஒரு மூலக்கூறுக்குச் சராசரியாக 4.5 இரட்டைப் பிணைப்புகள். ஆளி விதையில் ஆறுக்கும் மேல், அதனால் அதிக பாஸ்பரஸ் ஏறும். ஆனால் காற்றில் கெட்டுப்போகும் வேகமும் அதிகம், பாட்டிலைத் திறந்தால் நைட்ரஜன் ஊதித்தான் மூட வேண்டும். ஆமணக்கு தனி ரகம். அதன் கொழுப்பு அமிலங்களில் 90 சதவீதத்தை ஒட்டி ரிசினோலெயிக் அமிலம், அதில் ஹைட்ராக்சிலும் இருக்கிறது, இரட்டைப் பிணைப்பும் இருக்கிறது. ஹைட்ராக்சில் மதிப்பு (ஹைட்ராக்சில் எவ்வளவு இருக்கிறது என்பதன் அளவு) 160 வாக்கில் இருப்பதால் ஒன்றுமே செய்யாமல் நேரடியாகப் பாலியாலாகப் பயன்படும். இதைப் பார்த்துவிட்டு, அந்த ஹைட்ராக்சிலிலேயே பாஸ்பரஸை ஏற்றிவிடலாமே என்று பலர் யோசிக்கிறார்கள். ஏற்றலாம், ஆனால் ஹைட்ராக்சிலைப் பாஸ்பரஸுக்குச் செலவழித்துவிட்டால் ஐசோசயனேட்டுக்கு என்ன மிச்சம்? பி.வி.சி.யை இளக்கும் பிளாஸ்டிசைசர் செய்ய வேண்டுமென்றால் அது சரியான வழி. ஃபோமுக்கு வேண்டுமென்றால் ஹைட்ராக்சிலைத் தொடாமல் இரட்டைப் பிணைப்பில்தான் கை வைக்க வேண்டும்.

எதையும் குடுவையில் ஊற்றுவதற்கு முன்னால் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். எபாக்ஸியாக்கிய, அதாவது இரட்டைப் பிணைப்புகளில் ஆக்சிஜனை வைத்து, பாஸ்பரஸ் ஏற ஏதுவான சின்ன வளையங்களாக்கிய, சோயா எண்ணெயின் மூலக்கூறு எடை 950 வாக்கில், வளையங்கள் நான்கு என்று வைத்துக்கொள்வோம். பாஸ்பரஸைக் கொண்டுவரும் டைஎத்தில் பாஸ்பேட்டின் எடை 154, அதில் பாஸ்பரஸ் 31. நான்கு வளையத்திலும் ஒவ்வொன்று ஏறினால் மொத்தம் 1566, பாஸ்பரஸ் 124, அதாவது 7.9 சதவீதம். இந்த எண்ணெய்க்கும் இந்தப் பாஸ்பேட்டுக்கும் இதுதான் உச்சவரம்பு, இதற்கு மேல் எந்த வித்தையாலும் போக முடியாது. பாதி வளையம் திறந்தால் 1258க்கு 62, அதாவது 4.9 சதவீதம். ஃபோமின் எடையில் பாலியால் 40 சதவீதம் என்றால், ஃபோமில் பாஸ்பரஸ் இரண்டிலிருந்து மூன்று சதவீதம் வாக்கில் முடிந்துவிடும். இந்த வரம்பு தெரியாமல் வேலையில் இறங்கினால், கிடைக்கவே முடியாத எண்ணைத் துரத்திக்கொண்டிருப்போம். யாராவது எண்ணெய்ப் பாஸ்பேட்டில் 12 சதவீதம் பாஸ்பரஸ் என்று காட்டினால், கழுவப்படாத கனிம பாஸ்பேட் உள்ளே இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

எபாக்ஸியாக்குவது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. செய்யும்போது லேபில் இதுதான் ஆபத்தான நாள். ஃபார்மிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து பெர்ஃபார்மிக் அமிலமாகி, அது எண்ணெயின் இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜனை வைக்கிறது. ஒரு மோல் இரட்டைப் பிணைப்புக்கு 200 கிலோஜூலுக்கும் மேல் வெப்பம் வெளிவரும். ஒரு கிலோ சோயா எண்ணெயில் ஐந்து மோலுக்குச் சற்று மேல் இருப்பதால் மொத்தம் ஆயிரம் கிலோஜூலைத் தாண்டும். மூன்று லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். அதனால்தான் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக, மணிக்கணக்கில், உள்ளிருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே விடுகிறோம். வெளியே எண்ணெய்க் குளியலின் சூட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. குடுவையை ஒருபோதும் இறுக மூடக் கூடாது, ஆக்சிஜன் வெளியேற வழி வேண்டும்.

குடுவையைக் கலக்கும் கருவி (கலக்கி) நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒருமுறை நாங்கள் பெராக்சைடு விட்டுக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய் மோட்டார் நின்றது. சில நிமிடத்தில் எண்ணெய் மேலே, நீர் கீழே என்று பிரிந்துவிட்டது, தெர்மாமீட்டர் மெதுவாக இறங்கியது. பார்ப்பதற்கு எல்லாம் அமைதியாகிவிட்டதுபோல் இருக்கும், ஆனால் கீழே நீரடுக்கில் பெர்அமிலம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. கரண்ட் வந்து கலக்கி முழு வேகத்தில் சுற்றினால் அவ்வளவும் ஒரே சமயத்தில் எண்ணெயோடு வினைபுரியும். என்னோடு இருந்தவர் முதல் வேலையாகச் சொட்டுப்புனலின் குழாயை மூடினார், அடுத்து பிளக்கைப் பிடுங்கினார், அதன் பிறகு பனிக்கட்டித் தொட்டியை அடியில் வைத்தார். நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் மெதுவான வேகத்தில் கலக்கியை மறுபடி ஓட்டினோம். அந்த வரிசையை அப்படியே எழுதி ஃபியூம் ஹுட்டின் (ஆவியை வெளியே இழுக்கும் கூண்டின்) கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

இன்னொரு எச்சரிக்கை, இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எபாக்ஸியாக்கும் ஹுட்டில் அசிட்டோன் பாட்டில் இருக்கவே கூடாது. கண்ணாடிச் சாமானை அசிட்டோனால் அலசுவது பெரும்பாலான லேபுகளில் கை தன்னாலே செய்யும் பழக்கம். ஆனால் ஹைட்ரஜன் பெராக்சைடும் அமிலமும் மிச்சமிருக்கும் குடுவையில் அசிட்டோன் போனால் அசிட்டோன் பெராக்சைடு உண்டாகலாம், அது உரசலிலேயே வெடிக்கும் பொருள். கழிவுப் பாட்டிலுக்கும் இதே விதிதான், பெராக்சைடு கழிவு தனி, கரைப்பான் கழிவு தனி. குடுவையைத் தாராளமாகத் தண்ணீரில் அலசி, பெராக்சைடு இருந்தால் நிறம் மாறும் சோதனைப் பட்டை நிறம் மாறாத பிறகுதான் வேறு எதையும் தொட வேண்டும்.

கழுவுவதில் பொறுமை வேண்டும். அமிலத்தை நீக்கப் பைகார்பனேட் கரைசல் விட்டால் பிரிபுனலில் வெள்ளையாகப் பால்போலக் குழம்பி, ராத்திரி முழுக்க வைத்தாலும் பிரியாது. வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் முதலில் கழுவிவிட்டு, நீர்த்த பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் நன்றாகப் பிரியும், வேகமாகக் குலுக்காமல் புனலை மெல்லச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பினால் போதும். ஃபார்மிக் அமிலம் துளி மிஞ்சினாலும், வெற்றிடத்தில் சூடாக்கி நீரை நீக்கும்போது நாம் பாடுபட்டு வைத்த வளையங்களை அது திறந்துவிடும். ஆக்சிரேன் அளவை (வளையங்களில் உள்ள ஆக்சிஜனின் சதவீதத்தை) அறிய, நிறங்காட்டியாகக் கிறிஸ்டல் வயலட் போட்டு, அசிட்டிக் அமிலத்தில் கரைத்த ஹைட்ரஜன் புரோமைடால் டைட்ரேட் செய்வோம். ஊதா நீலமாகி, நீலம் பச்சைக்குத் திரும்பும் அந்த நிறம் அரை நிமிடம் நின்றால் முடிவு. சோயாவுக்கு 6.5 சதவீதத்துக்கு மேல் வந்தால் நல்ல சரக்கு. எபாக்ஸியாக்கிய சோயா எண்ணெய் பி.வி.சி.க்காகத் தொழிற்சாலை அளவில் தயாராவதால் வெளியில் வாங்கவும் முடியும். சின்ன லேபுக்கு நான் சொல்வது: முடிந்தால் வாங்கிவிடுங்கள். தீத்தடுப்பான் ஆராய்ச்சிக்கு அந்த ஆபத்தைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை.

வளையத்தைத் திறந்து பாஸ்பரஸை வைக்கும் இடத்தில்தான் வழிகள் பிரிகின்றன. எளிமையாகத் தெரிவது பாஸ்பாரிக் அமிலத்தை நேராக விடுவது. மலிவு, வேகம், அறை வெப்பநிலையிலேயே நடக்கும். சிக்கல் என்னவென்றால் அந்த அமிலத்துக்கு மூன்று கைகள். ஒரு கை ஒரு எண்ணெய் மூலக்கூறையும் அடுத்த கை இன்னொன்றையும் பிடித்தால் எல்லாம் கோத்துக்கொண்டு ஜெல்லாகிவிடும். இது நடப்பதற்குச் சற்று முன் குடுவையைக் கவனித்தால் தெரியும். கலக்கியைச் சுற்றியிருந்த குழி ஆழம் குறைந்து தட்டையாகும். அடுத்து, உள்ளிறங்க வேண்டிய திரவம் தண்டைப் பற்றிக்கொண்டு மேலே ஏற ஆரம்பிக்கும், மோட்டாரின் சத்தம் கனக்கும். திரவம் ஏறுவதைப் பார்த்த நொடியே குளிர்ந்த எத்தனாலை ஊற்றி நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் பார்க்கலாம் என்றால் அந்தக் குடுவையை மறந்துவிடலாம், எந்தக் கரைப்பானிலும் அது கரையாது.

எண்ணெயில் அமிலத்தை விடுவதா, அமிலத்தில் எண்ணெயை விடுவதா என்பதும் முக்கியம். எண்ணெயில் அமிலத்தை விட்டால் ஒவ்வொரு அமிலத் துளியையும் ஏராளமான வளையங்கள் சூழ்ந்துகொள்ளும், கோத்துக்கொள்வது அதிகம். நீர்த்த அமிலத்தில் எண்ணெயை விட்டால் ஒரு கையோடு நின்றுவிடும் மோனோஎஸ்டர் அதிகம் கிடைக்கும், ஜெல் பயம் குறையும். பதிலுக்குக் கட்டப்படாத அமிலமும் அமில ஹைட்ரஜன்களும் நிறைய மிஞ்சும். டைஎத்தில் பாஸ்பேட்டில் இரண்டு கைகள் ஏற்கெனவே எத்திலால் மூடப்பட்டிருப்பதால் கோத்துக்கொள்ளும் தொல்லை பெரிதும் தீர்ந்துவிடுகிறது. விலை கூடுதல், ஆனால் ஆரம்பிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். டோப்போ என்று லேபில் சொல்லும் வளைய பாஸ்பினேட்டை 150 டிகிரிக்கு மேல் எபாக்ஸியோடு சேர்க்கும் வழியும் உண்டு. அது கார்பனோடு நேரடியாகப் பிணைவதால் நீருக்கு அசையாது, ஆனால் பொருள் அவ்வளவு கெட்டியாகிவிடும், ஃபோம் கலப்பதற்குள் கை நோகும், அதோடு அது பெரும்பாலும் சுடருக்குள் வேலை செய்யும் வகை.

அமில மதிப்பு, அதாவது பாலியாலில் எவ்வளவு அமிலம் மிஞ்சியிருக்கிறது என்பதன் அளவு. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஃபோம் பொங்குவது அமீன் வினையூக்கியால். பாலியாலில் அமிலம் இருந்தால் அது அமீனை உப்பாக்கி முடக்கிவிடும். காகிதக் கோப்பையில் ஊற்றிக் கலக்கியதும் நல்ல பாலியால் அரை நிமிடத்துக்குள் வெளுத்து எழும்பத் தொடங்கும். அமிலம் மிஞ்சிய பாலியால் மஞ்சளாக அப்படியே உட்கார்ந்திருக்கும், ரொம்ப நேரம் கழித்துப் பெரிய பெரிய குமிழாக ஏறி, நடுவில் குழிந்து அமுங்கிவிடும். இதைப் பார்த்துவிட்டு அமீனை இரண்டு மடங்காக்குவது எல்லோருக்கும் வரும் யோசனை. ஃபோம் எழும்பும், உண்மைதான், ஆனால் உள்ளே அமீன் உப்பு, வாடை, சுருங்கும் ஃபோம் என்று தொல்லை இடம் மாறுகிறது, அவ்வளவே. அமில மதிப்பு 5க்குக் கீழ், முடிந்தால் 2க்குக் கீழ் வரும்வரை பாலியாலை ஃபோம் மேசைக்கே கொண்டுவரக் கூடாது. கழுவிக் குறைக்கலாம். அதைவிட நல்ல வழி, எபாக்ஸியாக்கிய எண்ணெயையே இன்னும் கொஞ்சம் சேர்த்து மிதமாகச் சூடாக்குவது. பி.வி.சி.யில் இந்த எண்ணெய் வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடைப் பிடிப்பதற்காகவே சேர்க்கப்படுகிறது, இங்கும் அதே குணம் நமக்கு உதவுகிறது. ஹைட்ராக்சில் மதிப்பை இதற்கப்புறம் மறுபடி அளந்து ஐசோசயனேட் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பாஸ்பரஸ் எதோடு பிணைந்திருக்கிறது என்று காட்டும் பாஸ்பரஸ் 31 என்.எம்.ஆர். நிறமாலை கிடைத்தால் கட்டாயம் எடுங்கள். மொத்தப் பாஸ்பரஸ் அளவைத் தரும் எந்தச் சோதனையும் அது எண்ணெயோடு கட்டப்பட்டதா, சும்மா கரைந்து நிற்கிறதா என்று சொல்லாது. அதன் அளவுகோலில் பாஸ்பேட்டுகள் பூஜ்யத்தை ஒட்டியே வருவதால் உச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்; நீரில் கழுவுவதற்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டால் எது போனது, எது நின்றது என்று தெளிவாகும். கார்பனோடு பிணைந்த பாஸ்பனேட் முப்பதை ஒட்டித் தனியாக நிற்கும், அதில் சந்தேகமே வராது.

எரித்துப் பார்க்கும் கட்டம். ஃபியூம் ஹுட்டுக்குள், தட்டில் பஞ்சு வைத்து, அதற்கு மேலே ஒரு துண்டை இடுக்கியில் பிடித்துச் சின்னச் சுடர் காட்டுவதுதான் நாங்கள் செய்யும் முதல் சோதனை. எண்கள் வராது, ஆனால் கண்ணுக்குக் கிடைப்பது ஏராளம்: கரி உப்பி எழுகிறதா, உடைந்து விழுகிறதா, சுடரை எடுத்ததும் எவ்வளவு நேரம் எரிகிறது, உருகிச் சொட்டுகிறதா, அந்தச் சொட்டு பஞ்சைப் பற்றவைக்கிறதா. எண்ணெய்ச் சங்கிலிகள் நீளமாகவும் இளகியும் இருப்பதால் சொட்டும் குணம் இவற்றுக்குக் கூடுதல். ஆக்சிஜன் வரம்பு எண் என்ற சோதனையில் துண்டை மேலிருந்து பற்றவைத்து, எத்தனை சதவீத ஆக்சிஜனில் எரிவது நிற்காமல் தொடர்கிறது என்று பார்ப்பார்கள். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் 17, 19 வாக்கில் நிற்கும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, அதனால் தாராளமாக எரியும். எங்கள் எண்ணெய்ப் பாஸ்பேட் ஃபோம்கள் 23, 24 வரை ஏறியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உருகி விழும் பொருள் தன் வெப்பத்தையும் கூடவே கீழே கொண்டுபோய்விடுவதால் இந்தச் சோதனையில் அநியாயத்துக்கு நல்ல எண் வாங்கும். பிளாஸ்டிக் எரிவதைச் சோதிக்கும் யு.எல். 94 தரத்தில் வி-0 என்ற மதிப்பீடு வேண்டும் என்றால், பத்து பத்து விநாடியாக இரண்டு முறை சுடர் காட்டி, ஒவ்வொரு முறையும் பத்து விநாடிக்குள் அணைய வேண்டும், ஐந்து துண்டுகளுக்கும் சேர்த்து 50 விநாடியைத் தாண்டக் கூடாது, கீழே பஞ்சு பற்றக் கூடாது. அது கெட்டிப் பிளாஸ்டிக்குக்கானது. ஃபோமுக்கு அதே தரத்தில் படுக்கைவாட்டுச் சோதனை தனியாக இருக்கிறது. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கோன் கலோரிமீட்டர் கிடைத்தால் அதுதான் உண்மையைச் சொல்லும்: உச்ச வெப்ப வெளியீடு, புகை, கார்பன் மோனாக்சைடு மூன்றையும் சேர்த்துக் காட்டும். பாஸ்பரஸ் மட்டும் போதவில்லை என்றால் விரியும் கிராஃபைட்டையோ மெலமினையோ கொஞ்சம் சேர்க்கலாம், கரிக்கு எலும்புபோல ஒரு தாங்கல் கிடைக்கும்.

எண்ணெயிலிருந்து வந்தது, அதனால் நல்லது என்று எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேலே போட்ட கணக்கையே பாருங்கள், நான்கு டைஎத்தில் பாஸ்பேட் ஏறிய மூலக்கூறில் நாம் வைத்த ஆக்சிஜனைக் கழித்தால் எண்ணெயிலிருந்து வந்த எடை 60 சதவீதத்துக்கும் குறைவு, ஐசோசயனேட்டைச் சேர்த்தால் இன்னும் இறங்கும். இதே இரட்டைப் பிணைப்பில் புரோமினை ஏற்றிய தாவர எண்ணெய் பல பத்தாண்டுகள் குளிர்பானங்களில் சேர்க்கப்பட்டு, 2024இல்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கான அனுமதியைத் திரும்பப் பெற்றது. அதுவும் தாவர எண்ணெய்தான். நம் பொருளின் நச்சுத்தன்மை, கசிவு, எரியும்போது வரும் வாயு எல்லாவற்றையும் புதுப் பொருளுக்குரிய சந்தேகத்தோடு சோதிக்க வேண்டும். தடை செய்யப்பட்டவற்றின் இடத்துக்கு வரும் பொருளிடம் அதைவிடக் குறைவாகக் கேட்க நமக்கு உரிமையில்லை.

கடைசியாக, நிலைத்து நிற்பது. எபாக்ஸி வளையத்தைப் பாஸ்பேட்டால் திறந்தால், பாஸ்பேட்டுக்குப் பக்கத்துக் கார்பனிலேயே ஒரு ஹைட்ராக்சில் உட்கார்ந்துவிடும். ஐசோசயனேட்டுக்கு அது வேண்டும், ஆனால் ஈரம் பட்டால் அந்த ஹைட்ராக்சிலே பாஸ்பரஸைத் தாக்கிப் பிணைப்பை உடைக்க உதவுகிறது. சாதாரண பாஸ்பேட் எஸ்டரைவிட இது சீக்கிரம் நீராற்பகுப்பு அடைவதற்குக் காரணம் அதுதான். இதனால்தான் இப்போது நாங்கள் ஆமணக்கு எண்ணெயின் இரட்டைப் பிணைப்பில் டைஎத்தில் பாஸ்பைட்டை ரேடிக்கல் வழியாக ஏற்றுவதில் அதிக நேரம் செலவிடுகிறோம். பாஸ்பரஸ் நேராகக் கார்பனில் நிற்கும், எண்ணெயின் சொந்த ஹைட்ராக்சில் அப்படியே இருக்கும், பெராக்சைடு தொல்லையும் இல்லை. சங்கிலியின் நடுவிலுள்ள இரட்டைப் பிணைப்பு மந்தமானது என்பதால் வினை மெதுவாகத்தான் போகும், பாஸ்பைட்டை அதிகமாக எடுத்து நைட்ரஜனுக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்ட வேண்டும். எண்ணெயில் இயற்கையாக இருக்கும் டோக்கோஃபெரால்களும், சுத்திகரிக்கும்போது சேர்த்த ஆன்டிஆக்சிடன்ட்களும் ரேடிக்கல்களை விழுங்கிவிடும், அதனால் முதலில் அலுமினா நிரப்பிய குழாயின் வழியே எண்ணெயை இறக்கிவிடுகிறோம். மிஞ்சிய பாஸ்பைட்டை வெற்றிடத்தில் முழுக்க எடுக்காவிட்டால் பாலியால் பாட்டிலைத் திறந்ததுமே வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த வழியில் செய்தாலும் பாலியாலில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து மூடி வைத்து, மாதம் ஒருமுறை அமில மதிப்பைப் பார்த்து பாட்டில் மேலேயே தேதியோடு எழுதிவையுங்கள். ஃபோமிலும் சில துண்டுகளை 70 டிகிரியில், ஈரப்பதம் 95 சதவீதமுள்ள பெட்டியில் சில வாரம் வைத்து, வெளியே எடுத்துக் காயவிட்டு, புதிய துண்டுகளோடு சேர்த்து ஒரே நாளில் எரித்துப் பாருங்கள். சில துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் பாஸ்பரஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாட்டிலில் அமில மதிப்பு ஏறிக்கொண்டே போகும் பாலியாலை, எரிசோதனையில் எவ்வளவு நல்ல எண் வாங்கியிருந்தாலும், நாங்கள் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவதில்லை.